மெய்யழகனில் குறைத்த 18 நிமிடம்: சரியா, தவறா?

எப்போதாவது படம்:

வருடத்துக்கு ஐந்தாறு படம் தியேட்டரில் பார்க்கிற ஆள் நான். இந்த 2024-ல் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து ஆறு வாரத்துக்குள் நான்கு படம் பார்த்துவிட்டேன். வாழை, கொட்டுக்காளி, லப்பர் பந்து, மெய்யழகன். நான்கும் மனதில் சுற்றிக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். படம் பார்க்காதவர்கள் கவனம், கதை கொஞ்சம் வெளியே வரும்.

லப்பர் பந்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஏனென்றால் குறை என்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஊர் கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன், ஒரு பந்துவீச்சாளர், இரண்டு பேருக்கும் வீம்பு. பந்துவீச்சாளன் காதலிப்பது அந்த பேட்ஸ்மேனின் மகளை. பேட்ஸ்மேனாக வருகிற தினேஷ் மட்டையோடு இறங்கும்போது பழைய இளையராஜா பாட்டு ஒலித்ததும் எங்கள் தியேட்டரில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். வாழை பார்த்துவிட்டு வீடு வந்து சேரும்வரை நானும் மனைவியும் பேசிக்கொள்ளவே இல்லை. வாழைத்தார் சுமக்கிற அந்தச் சிறுவனின் கழுத்து வலி எனக்கும் ஒட்டிக்கொண்டது. கொட்டுக்காளி முதல் ஒரு மணி நேரம் என்னை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. பிறகு முடிவே இல்லாமல் முடிந்துவிட்டது. விளக்கு போட்டதும் பக்கத்தில் ஒருவர் “இவ்வளவுதானா?” என்று சத்தமாகக் கேட்டார். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது.

நான் பேச வந்தது மெய்யழகனைப் பற்றி. இதை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை, வெளியான மறுநாள், செப்டம்பர் 28 சனிக்கிழமை. அப்போது படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துப்போனேன். அதற்குள் ‘நீளமாக இருக்கிறது’ என்ற பேச்சு பரவி, படக்குழு சுமார் 18 நிமிடத்தைக் குறைத்துவிட்டது. ஜல்லிக்கட்டுப் பகுதியும், ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிற பேச்சில் ஒரு பங்கும் போயிருந்தன.

அருள்மொழி தஞ்சாவூர் வீட்டை இழந்து, 1996-ல் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனவன். 22 வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். முகத்தைக் காட்டி, பரிசைக் கொடுத்துவிட்டு ராத்திரியே பஸ் ஏறிவிட வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். அங்கே ‘அத்தான், அத்தான்’ என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்று அருளுக்கு ஞாபகமே இல்லை. கேட்கவும் கூச்சம். பஸ்ஸையும் விட்டுவிடுகிறான். அந்த ஒரு ராத்திரிதான் படம்.

அந்த ராத்திரி நீளமாகத்தானே இருக்க வேண்டும்? கிளம்ப வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒருவன், பார்ப்பதை எப்போது நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாமல் நிறுத்த வேண்டும். முதல் முறை பார்த்தபோது எனக்கு அதுதான் நடந்தது. நடுவில் ஒரு இடத்தில் நானும் கைப்பேசியை எடுத்து மணி பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இரண்டாம் முறை, படம் முடிந்து ஆட்டோவில் வரும்போது அம்மா கேட்டார்: “கிளம்பணும் கிளம்பணும்னுதானே நின்னான், அதுக்குள்ள எப்படிடா இவ்வளவு கரைஞ்சான்?” அம்மாவுக்கு எதை வெட்டினார்கள் என்று தெரியாது. ஆனால் எங்கே வெட்டினார்கள் என்று தெரிந்திருக்கிறது.

வெட்டியது தவறு என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கடைசி வரிசை:

நேர் எதிர்க் கருத்து எனக்கு. 18 நிமிடம் குறைத்தது போதாது, இன்னும் ஒரு 20 நிமிடம் போயிருக்கலாம்.

படம் பிடிக்காமல் இதைச் சொல்லவில்லை. கல்யாண மேடையில் அருள் தான் கொண்டுவந்த நகைகளைத் தங்கைக்குப் போட்டுவிடுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் எவ்வளவு இருந்தது? கொஞ்சம்தான். அவன் குனிந்து கொலுசு மாட்டுகிறான், அவள் அழுகிறாள், சுற்றி நிற்கிற மொத்தச் சொந்தமும் பார்க்கிறது. 22 வருடம் வராமல் இருந்ததன் கணக்கு அங்கே முடிந்துவிட்டது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதை எழுதத் தெரிந்த இயக்குநர் பிரேம்குமார் எதற்காக அடுத்த ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் வாயால் சொல்லவைக்கிறார்?

‘அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிற கார்த்தியின் பாத்திரம் மாட்டைப் பற்றிப் பேசுகிறது, மன்னர்களைப் பற்றிப் பேசுகிறது, துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேசுகிறது, இலங்கைப் போரைப் பற்றிப் பேசுகிறது. ஒவ்வொன்றும் பெரிய விஷயம். ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் எடுக்கலாம். இங்கே ஒவ்வொன்றும் சில நிமிடம் வந்து, அவன் கண் கலங்கி, போய்விடுகிறது. எதிரே அருளாக வருகிற அரவிந்த்சாமி கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரோடு சேர்ந்து நாமும் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. நான் போனது இரண்டு பிள்ளைகளோடு. சின்னவளுக்கு ஆறு வயது. டிக்கெட், தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் ஆனது. இரண்டாம் பாதியில் அவள் மடியில் தூங்கிவிட்டாள். என் கால் மரத்துப்போனது. வெளியே வந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸும் போய்விட்டது. படத்தில் பஸ்ஸை விட்டவனைத் தங்கவைக்க ஒரு மெய்யழகன் இருந்தான். எங்களுக்கு ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவனின் உடம்பு, அவனுடைய நேரம், இவற்றையும் படம் எடுக்கிறவர்கள் நினைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஆபரேட்டர் மகன்:

அப்பா முப்பது வருடம் புரொஜெக்டர் ஓட்டியவர். நான் இப்போது ஒரு தியேட்டரில் கணக்கு பார்க்கிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒரு கணக்கு இருக்கிறது.

படம் 178 நிமிடம் என்று வையுங்கள். இடைவேளை 15, விளம்பரமும் டிரெய்லரும் 10. ஆக ஒரு காட்சிக்கு 203 நிமிடம். கூட்டம் வெளியேறி, கூட்டிப் பெருக்கி, அடுத்த கூட்டம் உள்ளே வர 20 நிமிடம். காலை 10:30-க்கு முதல் காட்சி போட்டால் அடுத்தது 2:13, அதற்கடுத்தது 5:56, கடைசிக் காட்சி 9:39. அது முடியும்போது ராத்திரி 1:02.

18 நிமிடத்தை எடுத்துவிடுங்கள். காட்சிகள் 10:30, 1:55, 5:20, 8:45. கடைசிக் காட்சி 11:50-க்கு முடிந்துவிடும். ஒரு காட்சிக்கு 18 நிமிடம்தான், ஆனால் நாள் முடிவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். குடும்பத்தோடு வருகிறவர்கள் 8:45 காட்சிக்கு வருவார்கள், 9:39-க்கு வர மாட்டார்கள். சிறிய ஊரில் அந்த ஒரு காட்சிதான் வாரநாள் வசூலைத் தாங்குகிறது. வெட்டச் சொல்கிறவர்கள் எல்லாம் ரசனை இல்லாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொன்னேன்.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வெட்டுவதாக இருந்தால் வெளியிடும் முன்பே வெட்டியிருக்க வேண்டும். முதல் மூன்று நாள் வந்தவர்கள்தான் ஒரு படத்தின் மேல் நம்பிக்கை வைத்து வந்தவர்கள். அவர்கள் பார்த்தது ஒரு படம், நாலாவது நாள் வந்தவர்கள் பார்த்தது வேறு படம். வெளியே போய் இருவரும் பேசிக்கொண்டால் எதைப் பற்றிப் பேசுவார்கள்? இதே வருடம் இந்தியன் 2 படத்துக்கும் வெளியான பிறகு 12 நிமிடம் குறைத்தார்கள். இது வழக்கமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எப்போதாவது படம்:

ஆபரேட்டர் மகன், இந்தக் கணக்கை இதற்கு முன் யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. 11:50-க்கும் 1:02-க்கும் இருக்கிற தூரம் புரிகிறது. நன்றி.

கடைசி வரிசைக்கு ஒரு பதில். கொலுசுக் காட்சி உங்களுக்குப் போதுமானது என்கிறீர்கள். அங்கே அருள் தன் தங்கையிடம் கணக்கு தீர்த்துக்கொண்டான், சரி. ஆனால் அவன் ஊரோடு தீர்க்கவில்லை. அவன் மனதில் ஊர் என்றால் வீட்டைப் பறித்த சொந்தக்காரர்கள். அந்த ஊரில், அவன் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிளை வைத்து ஒரு குடும்பமே தலையெடுத்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அதைக் கேட்கிறபோது அவன் உடைகிறானே, அந்த உடைவுக்கு முன்னால் அவ்வளவு பேச்சும் வேண்டும். அந்நியன் ஒருவன் திடீரென்று “உன் சைக்கிள்தான் என்னைக் காப்பாற்றியது” என்று சொன்னால் நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ராத்திரி முழுக்க மாடு, ஆறு, போர் என்று எல்லாம் பேசித் தீர்த்த பிறகு சொன்னால்தான் அது உள்ளே இறங்கும்.

வெண்ணாற்றங்கரை:

நான் பிறந்தது நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். பதினேழு வருடமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். எங்கள் வீடும் பாகப்பிரிவினையில் போனதுதான். அதனால் இந்தப் படம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள்ளேயே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அருள் அந்தப் பழைய வீட்டைவிட்டுப் போகிற ராத்திரி, எந்தத் தூணை எத்தனை தடவை தொட்டுப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீளத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த நீளத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

மூன்று மணி நேரத்தில் இரண்டு ஆண்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். மிக அழகு. தமிழ்ப் படத்தில் இரண்டு ஆண்கள் வெட்டுக்குத்து இல்லாமல், பெண்ணுக்காகச் சண்டை போடாமல், இப்படி அன்பாகப் பேசி நான் பார்த்ததே குறைவு. ஆனால் மெய்யழகனின் மனைவியாக வருகிற ஸ்ரீதிவ்யாவுக்கு என்ன கிடைத்தது? வந்த விருந்தாளியை உபசரிக்கிறார், சிரிக்கிறார், படுக்கப் போகிறார். அருளின் மனைவியாக வருகிற தேவதர்ஷினி போனில் பேசுகிறார். அவருக்கும் ஏதாவது ஊரும் வீடும் இருந்திருக்காதா? எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் இரவு ஒரு மணிக்குத் திண்ணையில் ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்கட்டில் பெண்களின் பேச்சு அதைவிட நீளமாகப் போகும். யார் வீட்டை யார் எழுதி வாங்கினார்கள் என்ற உண்மைக் கதை பின்கட்டில்தான் வெளிவரும். 178 நிமிடத்தில் ஒரு பத்து நிமிடம் அங்கே போயிருந்தால் எனக்கு இந்தப் படம் இன்னும் நெருக்கமாகியிருக்கும்.

அப்புறம் இன்னொரு நெருடல். இந்த ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அன்பு உண்டு, அதே ஊரில் தெருவுக்குத் தெரு கோடும் உண்டு. படம் அந்தக் கோட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

வன்னிக்காற்று:

வணக்கம். நான் வவுனியாவில் பிறந்து இப்போது டொரோண்டோவில் இருப்பவள். முதல் வார இறுதியிலேயே பார்த்துவிட்டேன், முழு நீளமும்.

கடைசி வரிசை அண்ணா, போரைப் பற்றிய பேச்சு வகுப்பு எடுப்பதுபோல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை, ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

2009-இல் எனக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு எங்களைப் பற்றி எடுத்த படங்களைப் பார்க்க எனக்குப் பயம். எங்களைச் சாகக் காட்டுவார்கள், அல்லது எங்களை வைத்து யாராவது வீரம் பேசுவார்கள். இந்தப் படத்தில் டெல்டாவில் ஒரு மனிதன், போரோடு நேரடியாக எந்தத் தொடர்பும் இல்லாதவன், தன் அத்தானோடு இருந்து பியர் குடிக்கும் ராத்திரியில், பேச்சோடு பேச்சாக எங்களை நினைத்து அழுகிறான். பக்கத்து வீட்டில் நடந்த சாவைப் பேசுவதுபோலப் பேசுகிறான். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா ஒருவர், முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை விடவில்லை.

அந்தப் பேச்சு குறைந்துவிட்டது என்று இங்கே வாசித்தபோது, ‘கதைக்கு இது தேவை இல்லை’ என்று யாரோ ஒரு மேசையில் இருந்து முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதுதான் முதலில் மனதில் பட்டது. காரணம் நேரக் கணக்கு என்று ஆபரேட்டர் மகன் சொல்வது விளங்குகிறது. விளங்கினாலும் வலிக்கிறது.

கடைசி வரிசை:

வன்னிக்காற்று, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த இடத்தை நான் வகுப்பு என்று சொன்னது உங்களைக் காயப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். அந்த அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டதற்குப் பிறகு, அந்தக் காட்சி தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் என் கருத்தை முழுவதும் விட்டுவிட முடியவில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டபின் இப்படி நினைக்கிறேன். அந்த ஒரு பேச்சுக்கு அவ்வளவு கனம் இருந்தால், அதைத் தனியாக நிற்க விட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இன்னும் நான்கு விஷயங்களுக்காகவும் அதே மனிதன் அதே மாதிரிக் கண் கலங்கினால், எதற்கு எவ்வளவு கனம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. என் கையில் கத்திரி இருந்தால் போர்ப் பேச்சை வைத்திருப்பேன், மற்றவற்றில் கை வைத்திருப்பேன்.

எப்போதாவது படம், உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கொட்டுக்காளி 100 நிமிடப் படம். அது உங்களைக் கோபப்படுத்தியது என்கிறீர்கள். மெய்யழகன் 178 நிமிடம், அதில் ஒரு நிமிடமும் போகக் கூடாது என்கிறீர்கள். பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் கொள்கை என்றால், கொட்டுக்காளிக்கு ஏன் அந்தப் பொறுமை இல்லை? இனிப்பாக இருந்தால் நீளம் பரவாயில்லை, கசந்தால் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதானே இதற்குப் பொருள்?

உசிலைக்காரன்:

கடைசி வரிசை கேட்டது நான் கேட்க நினைத்த கேள்வி. நான் மதுரைப் பக்கத்துக்காரன். கொட்டுக்காளி காட்டுகிற அந்தச் சாலை, அந்த ஷேர் ஆட்டோ, அந்தச் சொந்தக்காரர்கள் எல்லாம் நான் தினமும் பார்ப்பவை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பாண்டியும் சொந்தக்காரர்களும் ஆட்டோவிலும் பைக்கிலும் ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பயணம்தான் படம். பின்னணி இசை ஒரு துளி இல்லை. மீனாவாக நடித்த அன்னா பென் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. பேசவேண்டியதை எல்லாம் ஆட்டோவின் சத்தமும், கட்டிப்போட்ட சேவலும் பேசுகின்றன. பாண்டியாக வருகிற சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறார். கத்தி அதிகாரம் செய்கிற ஒருவனுக்குக் குரலே எழும்பவில்லை. இதை எழுதிய வினோத்ராஜ் ஒரு வரி விளக்கமும் தரவில்லை. நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுச்சாலையில் ஒரு காளை வழிமறிக்கும். இத்தனை ஆண்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கும் கிட்டே போகத் தைரியம் இல்லை. ஒரு சின்னப் பெண் குழந்தை வந்து அதை ஓட்டிக்கொண்டு போவாள். அந்தக் காட்சியில் எங்கள் தியேட்டரில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் குழந்தையைப் பிடித்து இன்னும் பத்து வருடத்தில் இதே ஆட்டோவில் ஏற்றுவார்களே என்று தோன்றியது.

முடிவு இல்லை என்கிறீர்கள். சாமியாடி இன்னொரு பெண்ணை என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான். அடுத்தது மீனா. அதைப் பார்த்த பிறகும் இவளை உள்ளே அனுப்புவானா, மாட்டானா? படம் அங்கே நிற்கிறது. மெய்யழகனில் கடைசியில் அருளுக்கு அவன் பெயர் தெரிந்துவிடுகிறது, நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். கொட்டுக்காளியில் நிம்மதி கொடுத்திருந்தால் அது பொய். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அந்த ஆட்டோ இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை:

உசிலைக்காரன், இந்தப் பதிவுக்காக நன்றி. நான் இரண்டு படத்தையும் ஒரு மாத இடைவெளியில் பார்த்தேன். இரண்டிலும் இருப்பது சொந்தக்காரர்கள் கூட்டம்தான். ஒன்றில் அந்தக் கூட்டம் அத்தானைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்துச் சோறு போடுகிறது. இன்னொன்றில் அதே கூட்டம் ஒரு பெண்ணைச் சுற்றி வளைத்து ஆட்டோவில் உட்காரவைக்கிறது. என் குடும்பத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. எனக்குச் சோறு ஊட்டிய அதே பெரியப்பா, என் சித்தி மகளைப் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் பூட்டிவைத்தார். ஆண்கள் ஊருக்குத் திரும்பினால் மெய்யழகன் கிடைக்கிறான். திரும்பினால் என்ன கிடைக்கும் என்று என் சித்தி மகளுக்குத் தெரியும், அதனால் அவள் திரும்பவில்லை. மெய்யழகனில் பெண்களுக்குப் பத்து நிமிடம் கேட்டேனே, அது இதற்காகத்தான்.

எப்போதாவது படம்:

ஒரு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

கடைசி வரிசை கேட்ட கேள்வி நியாயமானது. கொட்டுக்காளியில் எனக்குப் பொறுமை போனது நீளத்தால் இல்லை. அந்த ஆட்டோவுக்குள் எனக்கு உட்கார இடம் இல்லை. மெய்யழகனில் நான் அருளாக உட்கார்ந்துகொண்டேன். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறவன், ஊரில் வீடு போனவன், எனக்கு அது சுலபம். கொட்டுக்காளியில் நான் யார்? மீனா இல்லை. உசிலைக்காரன் எழுதியதைப் படித்த பிறகுதான் நேராகக் கேட்டுக்கொண்டேன். அங்கே நான் இருந்திருந்தால் பைக்கில் பின்னால் வந்த சொந்தக்காரர்களில் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன், ஒன்றும் சொல்லாமல் கூடவே வந்திருப்பேன். எங்கள் வீட்டில் ஒரு அத்தைக்கு இப்படி நடந்தபோது நான் அதைத்தான் செய்தேன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வயதில். “இவ்வளவுதானா?” என்று கேட்டவரோடு சேர்ந்து கோபப்பட்டது அதனால்தானோ என்று தோன்றுகிறது.

முடிவு சரியா இல்லையா என்று இப்போது சொல்ல மாட்டேன், இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மெய்யழகன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வெண்ணாற்றங்கரை கேட்ட பத்து நிமிடம் நியாயம். அதைச் சேர்த்து 188 நிமிடம் ஆனாலும் நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

கடைசி வரிசை:

நீங்கள் உட்காருவீர்கள். என் மகள் உட்கார மாட்டாள். நீளப் படத்துக்கு நான் எதிரி இல்லை என்பதைத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். 1964-ல் வந்த கர்ணன் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 2012-ல் டிஜிட்டலில் மறுபடி வெளியிட்டபோது என் அப்பாவோடு போய்ப் பார்த்தேன், நூறு நாளைத் தாண்டி ஓடியது. ஒரு நிமிடமும் நெளியவில்லை. ஏனென்றால் அதில் ஒவ்வொரு காட்சி முடியும்போதும் கர்ணன் ஒரு படி கீழே இறங்கியிருப்பான். மெய்யழகனின் ராத்திரியில் சில பேச்சுகள் முடியும்போது அருள் இருந்த இடத்திலேயே இருக்கிறான். என் அளவுகோல் அதுதான், கடிகாரம் இல்லை.

ஆபரேட்டர் மகன், ஒரு சந்தேகம். உங்கள் அப்பா காலத்திலும் இப்படி வெளியான பிறகு வெட்டுவது உண்டா?

ஆபரேட்டர் மகன்:

உண்டு. அப்போது சில சமயம் தியேட்டரிலேயே வெட்டினார்கள்.

2,000 அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடம் ஓடும். இரண்டாம் ஆட்டம் முடிந்து கிராமத்து ஜனங்கள் நடந்தோ வண்டியிலோ ஊர் போய்ச் சேர வேண்டும். படம் நீளமாக இருந்தால் முதலாளி மாடிப்படியில் நின்று “ரெண்டு பாட்டை எடுத்துடு” என்பார். அப்பா ரீலை மேசையில் சுற்றி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் ஒன்று, முடிகிற இடத்தில் ஒன்று கத்திரித்து, இரண்டு முனையையும் சுரண்டி, பசை தடவி ஒட்டுவார். ஒட்டு சரியில்லை என்றால் ஓடும்போது அறுந்துவிடும், கூட்டம் விசில் அடிக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வெட்டிய துண்டை அப்பா தூக்கிப் போட மாட்டார். சுருட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியில் படத்தின் பெயரையும் ரீல் எண்ணையும் எழுதிவைப்பார். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு வெளியூர்க் கூட்டம் வரும், யாருக்கும் அவசரம் இருக்காது. அன்றைக்குக் காலையில் சீக்கிரமே போய், துண்டை எடுத்து, மறுபடி அதே இடத்தில் ஒட்டி முழுப் படமாக ஓட்டுவார். பெட்டி திரும்பிப் போகும்போது படம் வந்த மாதிரியே முழுதாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம்.

மெய்யழகனுக்கு எங்களுக்குப் புதிய கோப்பு வந்தது. பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றினோம், ஒரு ஒட்டும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். “எடுத்த துண்டு எங்கே இருக்கு?” என்று கேட்டார்.